உலகக் கணக்கும் ஊர்க் கணக்கும்

பெங்களூரு நகரத்தின் கிழக்குப் பகுதியில் அமைந்துள்ள வைட்ஃபீல்ட், தோன்றிய காலத்தில் ஒரு சிறு குடியேற்றமாகவே இருந்தது. 1882-ஆம் ஆண்டில் மைசூர் மன்னர் சாமராஜேந்திர உடையார், யுரேஷியர், ஆங்கிலோ-இந்தியர் ஆகியோரின் சங்கத்திற்கு 3,900 ஏக்கர் நிலத்தை வழங்கினார். அச்சங்க இயக்கத்தைத் தோற்றுவித்த டி. எஸ். ஒயிட் என்பவரின் பெயர் ஊருக்கு நிலைத்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் தோட்டங்களும் ஓட்டு வீடுகளுமாக அமைதியாக இருந்த இவ்விடத்தில், 1990-களின் பிற்பகுதியில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா எழுந்தது. 2001-இல் பெரிய மருத்துவமனை ஒன்று திறக்கப்பெற்றது. 2023 மார்ச்சில் மெட்ரோ ரயிலும் வந்து சேர்ந்தது. இன்று இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்தும் வந்த பொறியாளர்களும், கட்டிடத் தொழிலாளரும், வீட்டுப் பணியாளரும் இங்கு நெருங்கி வாழ்கின்றனர்.

இத்தகைய ஊரில் பணி புரியும் சுகாதார ஊழியர் ஒருவரோ, பள்ளி ஆசிரியர் ஒருவரோ, "நம் நகரத்தின் ஜனத்தொகை எவ்வளவு?" என்று கணினியில் வினவுவதாக வைத்துக்கொள்வோம். அவருக்குக் கிடைக்கும் விடைகள் வியப்பளிப்பவை. ஓரிடத்தில் 43 லட்சம் என்றிருக்கும். மற்றோரிடத்தில் 57 லட்சம். பிறிதோரிடத்தில் 84 லட்சம். இன்னோரிடத்தில் 96 லட்சம். ஐக்கிய நாடுகள் சபையின் அட்டவணையிலோ 1 கோடியே 14 லட்சம். இவற்றுள் எது பொய்? எதுவும் பொய்யன்று. ஒவ்வொன்றும் வெவ்வேறு வினாவுக்குரிய விடையாகும். அவ்வினா எதுவென அறியாமல் விடையை மட்டும் எடுத்துக்கொள்வதனால்தான் பிழை நேர்கிறது.

எல்லை மாறினால் எண்ணும் மாறும்

2001-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி பெங்களூரு மாநகராட்சி எல்லைக்குள் வாழ்ந்தோர் 43,01,326 பேர். அதனைச் சூழ்ந்திருந்த நகர்ப்புறங்களையும் சேர்த்தால் 57,01,446 பேர். 2011-ஆம் ஆண்டில் மாநகராட்சியின் ஜனத்தொகை 84,43,675 எனக் கணக்கிடப்பட்டது. மாநகராட்சிக்குரிய இவ்விரு எண்களை மட்டும் ஒப்பிடுபவர், நகரம் பத்தாண்டுகளில் 96 சதவிகிதம் பெருகிவிட்டது என்று முடிவு செய்வார். ஆனால் இடையில் 2007-ஆம் ஆண்டில் ஏழு நகரசபைகளும், ஒரு பட்டணசபையும், நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்களும் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. அவ்வாறு இணைந்த மகாதேவபுரம் நகரசபைப் பகுதியுடன் வைட்ஃபீல்டும் மாநகர எல்லைக்குள் வந்தது. பெருகிய எண்ணில் ஒரு பகுதி, புதிதாகப் பிறந்தோரும் புதிதாகக் குடியேறியோரும் ஆவர். மற்றொரு பகுதியினரோ, இருந்த இடத்திலேயே இருந்தவர்கள். எல்லைக்கோடுதான் அவர்களைத் தாண்டி நகர்ந்தது.

இதற்கு மாறாக, அப்பத்தாண்டுகளில் பெங்களூரு நகர மாவட்டத்தின் எண்களை எடுத்துக்கொள்வோம். 2001-இல் 65,37,124, 2011-இல் 96,21,551. வளர்ச்சி 47 சதவிகிதம். ஒரே எல்லையை இரு காலங்களில் அளந்ததனால் இந்த ஒப்பீடு நேர்மையானது. ஐக்கிய நாடுகள் சபையின் 1 கோடியே 14 லட்சம் என்ற எண், 2018-ஆம் ஆண்டுக்கென அச்சபை கணித்து வெளியிட்டது. அது வீடு வீடாக எண்ணிப் பெற்றதன்று. 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டு, வைட்ஃபீல்ட் கிழக்கு மாநகராட்சியில் சேர்ந்தது. ஆகவே இனி வரும் கணக்குகளைப் பழைய கணக்குகளுடன் ஒப்பிடுவோர் எல்லைகளை மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டியிருக்கும்.

உலக அளவிலும் இதே நிலைதான். ஐ. நா. சபை 2018-இல் வெளியிட்ட பட்டியலில் உலகின் மிகப் பெரிய நகரம் டோக்கியோ. 2025-இல் வெளியிட்ட பட்டியலில் ஜகார்த்தா சுமார் 4 கோடியே 20 லட்சம் மக்களுடன் முதலிடம் பெற்றது. எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஒரே இலக்கணத்தைக் கொண்டு நகரத்தை வரையறுக்க அச்சபை முற்பட்டமையே இம்மாற்றத்திற்குப் பெரிதும் காரணமாகும்.

களஞ்சியங்கள் எங்குள்ளன?

முற்காலத்தில் இத்தகைய விவரங்களை அறிய விரும்புவோர் பெருநகர நூலகங்களை நாட வேண்டியிருந்தது. ஐ. நா. சபையின் ஜனத்தொகை ஆண்டு நூல் 1940-களின் இறுதியிலிருந்து வெளிவருகிறது. ஆனால் அதனைக் கையிலெடுத்துப் பார்க்கும் வாய்ப்பு ஒரு சிலருக்கே கிட்டியது. இன்று கைப்பேசி ஒன்றிருந்தால் எவரும் கட்டணமின்றி இக்களஞ்சியங்களுக்குள் புகலாம்.

முதலாவது, உலக சுகாதார ஸ்தாபனத்தின் "குளோபல் ஹெல்த் அப்சர்வேட்டரி" என்னும் தொகுப்பு. நோய்கள், தடுப்பூசி, ஆயுட்காலம், மருத்துவ வசதி ஆகியவை பற்றிய விவரங்கள் நாடு வாரியாக இதில் அடங்கியுள்ளன. இரண்டாவது, ஐ. நா. ஜனத்தொகைப் பிரிவின் "வேர்ல்டு பாப்புலேஷன் பிராஸ்பெக்ட்ஸ்". இதன் 2024-ஆம் ஆண்டுப் பதிப்பு, 1950 முதல் நிகழ்காலம் வரையிலான மதிப்பீடுகளையும், 2100 வரையிலான முன்கணிப்புகளையும் தருகிறது. மூன்றாவது, உலக வங்கி 2010-ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட தரவுத் தொகுப்பு. பல ஸ்தாபனங்களின் எண்களை ஒரே இடத்தில் திரட்டித் தருவதனால் ஆசிரியர்களுக்கு இது எளிதானது. எனினும் அவ்வெண்களைத் தயாரித்தவர் யார் என்பதை அடிக்குறிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவுக்குரிய விவரங்களைப் பெறச் சர்வதேசக் களஞ்சியங்களை விட உள்நாட்டு மூலங்களே ஏற்றவை. குடிமதிப்பும், ஜனன மரணப் பதிவும், மாதிரிப் பதிவு முறையும் இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் பொறுப்பில் உள்ளன. தேசியக் குடும்ப நல ஆய்வை மும்பையிலுள்ள சர்வதேச ஜனத்தொகை அறிவியல் நிறுவனம் நடத்துகிறது. 1956-இல் செம்பூரில் ஒரு பயிற்சி நிலையமாகத் தொடங்கப்பெற்ற இந்நிறுவனத்தில் ஆசிய நாடுகள் பலவற்றிலிருந்தும் மாணவர்கள் வந்து பயின்றுள்ளனர். உலகப் பட்டியலில் இந்தியாவுக்கு எதிரே காணப்படும் எண்கள் பெரும்பாலும் இந்த மூலங்களிலிருந்தே புறப்பட்டுச் சென்றவையாகும்.

களஞ்சியங்கள் நிலையானவை என்றும் எண்ணிவிடலாகாது. 1984-இல் தொடங்கப்பெற்று, 90-க்கு மேற்பட்ட நாடுகளில் 400-க்கு மேற்பட்ட ஆய்வுகளுக்குத் துணை நின்ற சர்வதேச ஜனத்தொகை சுகாதார ஆய்வுத் திட்டம், 2025-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் நிதி நிறுத்தப்பட்டபோது பெரும் தடைக்குள்ளாயிற்று. தேவையான அட்டவணையைத் தம் கணினியில் இறக்கி வைத்து, இறக்கிய தேதியையும் பதிப்பின் பெயரையும் குறித்துக்கொள்வது நல்ல பழக்கமாகும்.

எண்ணியதும் மதிப்பிட்டதும்

2023 ஏப்ரல் மாத இறுதியில் இந்தியாவின் ஜனத்தொகை 142,57,75,850 ஆகி, சீனத்தின் ஜனத்தொகையைத் தாண்டும் என ஐ. நா. சபை அறிவித்தது. கடைசி இலக்கம் வரை துல்லியமாகத் தோன்றும் எண் இது. ஆனால் இந்தியாவில் குடிமதிப்பு கடைசியாக நடந்தது 2011-இல். அப்போது எண்ணப்பட்டோர் சுமார் 121 கோடி. அதன் பின்னர் நிகழ்ந்த பிறப்பு, இறப்பு, இடப்பெயர்ச்சி ஆகியவற்றை மதிப்பிட்டுக் கூட்டியும் கழித்தும் பெற்ற விடையே 142 கோடி. அதன் கடைசி இலக்கங்கள் கணக்குப் பொறியின் விளைவு; யாரும் தலைகளை எண்ணிக் கண்டவையல்ல. 2027 மார்ச் 1-ஆம் தேதியை ஆதாரமாகக் கொண்டு குடிமதிப்பு நடைபெறும் என 2025 ஜூனில் அரசு அறிவிக்கை வெளியிட்டது.

மதிப்பீடு இழிந்தது, எண்ணிக்கை உயர்ந்தது என்று இதற்குப் பொருளன்று. எண்ணிக்கையிலும் விடுபட்டோர் உண்டு. விடுபட்டோர் எத்தனை பேர் என்பதைக் கண்டறியும் வழியை உலகுக்குக் காட்டியவர்களுள் ஒருவர் சி. சந்திரசேகரன். இவர் கல்கத்தாவிலுள்ள அகில இந்தியச் சுகாதாரக் கழகத்தில் பணியாற்றியபோது, அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் டெமிங் என்பாருடன் சேர்ந்து 1949-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். கல்கத்தாவுக்கருகிலுள்ள சிங்கூரில் திரட்டிய பதிவுகளே அதற்கு ஆதாரம்.

அவர்கள் கூறிய முறை எளியது. ஒரு கிராமத்தில் ஓராண்டில் பிறந்த குழந்தைகளின் பட்டியலைப் பதிவாளர் ஒருவர் வைத்திருக்கிறார். தனியே மற்றொருவர் வீடு வீடாகச் சென்று இன்னொரு பட்டியல் தயாரிக்கிறார். உதாரணத்திற்கு, இரு பட்டியல்களிலும் காணப்படும் பிறப்புகள் 60 எனவும், பதிவாளர் பட்டியலில் மட்டும் இருப்பவை 15 எனவும், வீடு சென்றவர் பட்டியலில் மட்டும் இருப்பவை 20 எனவும் கொள்வோம். இருவரும் தவறவிட்டவை எத்தனை? 15-ஐ 20-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் 5 கிடைக்கிறது. ஆகவே மொத்தப் பிறப்புகள் 60, 15, 20, 5 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 100 என மதிப்பிடலாம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து எழுதாமல், தனித்தனியே பட்டியலிட்டால்தான் இக்கணக்கு பலிக்கும் என்பது முக்கியம்.

இரு பட்டியல்களை ஒப்பிடும் இக்கருத்தே இந்தியாவின் மாதிரிப் பதிவு முறைக்கும் அடிப்படையாகும். தேர்ந்தெடுத்த கிராமங்களிலும் நகரப் பகுதிகளிலும் உள்ளூர் ஆசிரியரோ அங்கன்வாடி ஊழியரோ பிறப்பு இறப்புகளைத் தொடர்ந்து குறித்து வருகிறார். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் தனியே வந்து கணக்கெடுக்கிறார். இரண்டும் பொருந்தாத இடங்களில் மீண்டும் வீடு சென்று உண்மை அறியப்படுகிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் திரையில் காணும் இந்திய விகிதங்களின் பின்னே இத்தகைய ஊழியர்களின் கையெழுத்து இருக்கிறது.

பெங்களூருவில் ஒரு சர்வதேச ஆராய்ச்சி

வைட்ஃபீல்டை உள்ளடக்கிய இவ்வட்டாரத்திற்கும் சர்வதேசக் கணக்குகளுக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. இந்திய அரசும் ஐக்கிய நாடுகள் சபையும் கூட்டாக, 1951-52-ஆம் ஆண்டுகளில் அன்றைய மைசூர் ராஜ்யத்தின் தேர்ந்தெடுத்த பகுதிகளில் ஜனத்தொகை ஆராய்ச்சி ஒன்றை மேற்கொண்டன. பெங்களூரு நகரமும் கிராமப்புறங்களும் அதன் களங்களாயின. மேற்கூறிய சந்திரசேகரன் இதில் முக்கியப் பங்கு வகித்தார். கள ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, பிறப்பு, இறப்பு, திருமணம், குடும்ப அளவு பற்றிய கருத்து ஆகியவற்றைக் கேட்டறிந்தனர். இதன் அறிக்கை 1961-இல் ஐ. நா. சபையின் வெளியீடாக வந்து, வளரும் நாடுகளில் பின்னர் நடந்த ஆய்வுகளுக்கு முன்மாதிரிகளுள் ஒன்றாயிற்று. கணினியும் இணையமும் இல்லாத காலத்தில், காகிதப் படிவமும் பொறுமையுமே கருவிகளாக இருந்தன.

ஒரே பொருள், இரு விகிதங்கள்

சிசு மரண விகிதம் என்பது, உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஒரு வயது நிறைவதற்குள் இறப்போரின் எண்ணிக்கை. மாதிரிப் பதிவு முறை 2020-ஆம் ஆண்டுக்கு இந்தியாவில் இதனை 28 எனத் தெரிவித்தது. 2019-21-இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வோ 35 என்றது. முன்னது ஓராண்டின் நிகழ்ச்சிகளைப் பற்றியது; பின்னது ஆய்வுக்கு முந்திய ஐந்தாண்டுகளைத் தழுவி, தாய்மார்களின் நினைவிலிருந்து கேட்டறிந்தது. குறைந்து வரும் விகிதத்தில், பின்னோக்கிச் செல்லும் ஐந்தாண்டுச் சராசரி சற்று உயர்ந்தே இருக்கும்.

ஆண் பெண் விகிதமும் இத்தகையதே. ஆயிரம் ஆண்களுக்கு 943 பெண்கள் எனக் குடிமதிப்பு 2011-இல் கண்டது. ஐந்தாம் குடும்ப நல ஆய்வு 1,020 என்றது. இதைக் கொண்டு பத்தாண்டுகளில் பெண்கள் தொகை திடீரெனப் பெருகிவிட்டது என்று முடிவு கட்டுதல் தவறு. குடும்ப நல ஆய்வு, குடும்பங்களாக வாழும் வீடுகளை மாதிரியாகக் கொள்கிறது. வைட்ஃபீல்டின் கட்டிடத் தொழிலாளர் கொட்டகைகளிலும், வெளியூர் இளைஞர் தங்கும் விடுதிகளிலும் வாழும் ஆண்கள், சொந்த ஊரின் வீட்டுக் கணக்கிலும் இடம்பெறுவதில்லை. இங்குள்ள வீட்டுக் கணக்கிலும் இடம்பெறுவதில்லை. குடிமதிப்போ அவர்களையும் தேடி எண்ணுகிறது. வேறுபாட்டிற்கு இஃது ஒரு காரணமாகும்.

கோவிட் காலத்துக் கணக்கு

இவ்வேறுபாடுகள் எவ்வளவு பெரிதாகக் கூடும் என்பதை 2022 மே மாதத்தில் உலகம் கண்டது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் உலகில் வழக்கத்தை விட மிகுதியாக நேர்ந்த மரணங்கள் ஏறத்தாழ 1 கோடியே 49 லட்சம் என உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டது. அவற்றுள் இந்தியாவில் சுமார் 47 லட்சம் என்றது. கோவிட் நோயால் இறந்தோர் என 2021 இறுதி வரை இந்தியாவில் பதிவாகியிருந்தவர்களோ சுமார் 4 லட்சத்து 80 ஆயிரம். நேரடிப் பதிவுகள் இருக்கும்போது கணித மாதிரிகளைப் பயன்படுத்தியது பொருத்தமன்று என இந்திய அரசு ஆட்சேபித்தது.

இங்கு கவனிக்கத்தக்கவை இரண்டு. முதலாவது, இவ்விரு எண்களும் அளந்த பொருளே வேறு. ஒன்று, கோவிட் எனச் சான்றளிக்கப்பட்ட மரணங்கள். மற்றொன்று, எக்காரணத்தாலாயினும் வழக்கத்தை விட மிகுந்த மரணங்கள். இரண்டாவது, இத்தகைய விவாதத்தைத் தீர்க்க வல்லது மரணப் பதிவேடேயாகும். 2020-இல் நாடெங்கும் பதிவான மரணங்கள் சுமார் 81 லட்சம். 2021-இல் அவை 1 கோடியே 2 லட்சமாக உயர்ந்தன. 2021-க்குரிய இவ்விவரம் 2025 மே மாதத்தில்தான் வெளிவந்தது. பதிவு முறையின் முன்னேற்றமும் இவ்வுயர்வில் ஒரு பங்கு பெறும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். பதிவு முழுமையாகவும் விரைவாகவும் நடைபெறும் நாட்டில் மதிப்பீட்டுக்கு இடம் சுருங்குகிறது. ஐயத்துக்கும் இடம் சுருங்குகிறது. ஜனன மரணப் பதிவுச் சட்டம் 1969-இல் இயற்றப்பெற்றது; 2023-இல் அது திருத்தப்பட்டு மின்னணுச் சான்றிதழுக்கு வழி செய்யப்பட்டது. ஆயினும் மரணம் நேர்ந்த வீட்டிலிருந்து செய்தி வந்தாலன்றிச் சட்டத்தால் மட்டும் பதிவேடு நிரம்பாது.

வகுக்கும் எண்ணின் முக்கியத்துவம்

கள ஊழியர்களுக்குப் பெரும் சங்கடம் விளைவிப்பது விகிதத்தின் கீழெண்ணாகும். ஒரு சுகாதார நிலையத்தின் எல்லைக்குள் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 300 பேர் என்று பழைய குடிமதிப்பைக் கொண்டு கணக்கிட்டிருப்பதாகக் கற்பனை செய்வோம். அவ்வாண்டில் 360 குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்படுகிறது. அறிக்கையில் 120 சதவிகிதம் எனச் சாதனை காட்டப்படும். ஆனால் வைட்ஃபீல்ட் போன்று வேகமாக வளரும் பகுதியில் உண்மையில் 460 குழந்தைகள் இருந்தால், போட்டவர் 78 சதவிகிதமே. நூறு குழந்தைகள் பாதுகாப்பின்றி விடப்பட்டிருக்கின்றனர். அவர்கள் யாவர்? பெரும்பாலும் நேற்று வந்து இறங்கிய தொழிலாளர் குடும்பங்களின் குழந்தைகளாகவே இருப்பர். நூற்றுக்கு மேற்பட்ட சதவிகிதத்தைக் காணும்போது மகிழ்ச்சியடைவதற்கு முன், கீழெண்ணை ஐயுறுவதே அறிவுடைமை. உலகக் களஞ்சியம் எதிலும் அந்த நூறு குழந்தைகளின் முகவரி கிடைக்காது. புதிய கொட்டகைகளைச் சுற்றி வந்து பட்டியல் எடுப்பவருக்கே அது கிடைக்கும்.

தேடுவோர் கேட்க வேண்டிய வினாக்கள்

எந்த எண்ணையும் கையாளுமுன் ஐந்து வினாக்களை எழுப்புதல் நலம். இவ்வெண்ணை முதன்முதல் தயாரித்தவர் யார்? இஃது எந்த ஆண்டுக்குரியது, எந்த ஆண்டில் வெளியிடப்பட்டது? எந்த எல்லைக்குட்பட்ட மக்களைக் குறிக்கிறது? எண்ணிப் பெற்றதா, மாதிரியிலிருந்து பெற்றதா, மதிப்பிட்டதா? விகிதமாயின் அதன் கீழெண் யாது? இவற்றுக்கு விடை கூறாத பக்கத்திலிருந்து எடுத்த எண்ணைக் கரும்பலகையில் எழுதாதிருப்பதே நன்று. அவ்வாறே, இரு ஆண்டுகளை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே பதிப்பிலிருந்து எடுக்க வேண்டும். ஐ. நா. சபை ஒவ்வொரு பதிப்பிலும் பழைய ஆண்டுகளின் மதிப்பீடுகளையும் திருத்துகிறது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே செய்து காட்டலாம். பள்ளிக்கு அருகிலுள்ள ஒரு தெருவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கையை மாணவர்களின் இரு குழுக்கள் தனித்தனியே எடுத்து வரட்டும். பெற்றோரின் சம்மதத்துடன், வீட்டு எண்ணை மட்டும் குறித்தால் போதும். இரு பட்டியல்களிலும் உள்ளவை, ஒன்றில் மட்டும் உள்ளவை எனப் பிரித்து, சந்திரசேகரன், டெமிங் ஆகியோரின் முறையால் விடுபட்டவற்றை மதிப்பிடட்டும். பின்னர் விடுபட்ட வீடுகள் எவை என்று நேரில் சென்று காணட்டும். பூட்டியிருந்த வீடு, மாடிப்படியின் பின்னிருந்த அறை, மொழி தெரியாததனால் கேளாமல் விட்ட குடும்பம் ஆகியவை அப்போது தெரிய வரும். ஒரு நாட்டின் கணக்கில் யார் விடுபடுகின்றனர் என்பதை அம்மாணவர்கள் அதன்பின் மறக்கமாட்டார்கள்.